கடை மூடலாம், கடிதங்களை மூடக் கூடாது

பெரியப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. நியூ ஜெர்சியில் இருக்கிறார். மேசை மேல் இருக்கும் கணினி புதியது; அதில் அவர் அஞ்சல் பார்க்கும் மென்பொருள் மட்டும் பழையது. பெயர் யுடோரா. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். சென்ற ஆண்டு அவர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் காலை அது கடிதம் எடுக்க மறுத்துவிட்டது. சர்வருடன் இணைய முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. “நேத்து ராத்திரி வரைக்கும் வந்துதுடா. நான் எதையும் தொடலை” என்றார்.

அவர் தொடவில்லைதான். அஞ்சல் சேவை தரும் நிறுவனம் பழைய பாதுகாப்பு முறையை அன்றோடு நிறுத்தியிருந்தது. போன் செய்து கேட்டால் முன்கூட்டியே அறிவித்துவிட்டோம் என்றார்கள். தேடியபோது அந்த அறிவிப்பு குப்பை அஞ்சல்களுக்கு நடுவே கிடந்தது.

“இத்தனை தொல்லை எதுக்கு? எல்லாரையும் மாதிரி பிரவுசர்ல பாத்துக்கலாமே பெரியப்பா” என்றேன். அவர் பதில் சொல்லாமல் திரையின் இடப்பக்கம் இருந்த பெட்டிகளின் வரிசையைக் கீழே நகர்த்தினார். ஒரு பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் ‘தம்பி’ என்று பெயர். என் அப்பா அவருக்கு எழுதிய கடிதங்கள். 1999இல் தொடங்கி, அப்பா இறப்பதற்கு முந்தைய மாதம் வரை. எனக்கு அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது.

அன்றிலிருந்து இந்த மென்பொருளின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். மென்பொருளுக்கு ‘ஆதரவு நிறுத்தம்’ என்று நிறுவனங்கள் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிற விஷயம், பயன்படுத்துபவரின் வீட்டில் என்னவாகிறது என்பதற்கு யுடோராவைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

யுடோராவை எழுதியவர் ஸ்டீவ் டார்னர். 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் வேலை பார்த்தபோது மெக்கின்டாஷ் கணினிக்காக எழுதினார். ஓயாமல் அஞ்சல்களோடு மல்லுக்கட்டியதில், தாம் தபால் நிலையத்திலேயே குடியிருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்கே குடிபோகும் ஒரு பெண்ணைப் பற்றி யுடோரா வெல்ட்டி என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய சிறுகதை அவர் நினைவுக்கு வந்தது. அந்த எழுத்தாளரின் பெயரையே வைத்துவிட்டார். பின்னர் சான் டியாகோவில் இருக்கும் குவால்காம் நிறுவனம் யுடோராவை எடுத்துக்கொண்டது. டார்னரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். செல்பேசித் தொழில்நுட்பத்தால் இன்று அறியப்படும் அதே குவால்காம்தான். 1990களில் இணையத்துக்குள் வந்த எத்தனையோ பேருக்கு மின்னஞ்சல் என்றாலே யுடோராதான்.

2000இல் வந்த 4.3 பதிப்பில் குவால்காம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரே மென்பொருள், மூன்று நிலைகள். பணம் கட்டினால் முழு வசதி. பணமும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம் என்றால் வசதிகள் குறைந்த எளிய நிலை. மூன்றாவது, விளம்பரதாரர் நிலை: திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரத்தில் விளம்பரம் ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே ஏறக்குறைய எல்லா வசதிகளையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பெரியப்பா இந்த நிலையைத்தான் தேர்ந்தெடுத்தார். நேர்மையான பேரம் அது என்றே இன்றும் சொல்கிறார். கடிதத்தை யாரும் படித்துப் பார்த்து அதற்கேற்ற விளம்பரம் போடவில்லை. சதுரத்துக்குள் விளம்பரம், சதுரத்துக்கு வெளியே அவருடைய கடிதம்.

ஆனால் அந்தப் பேரத்துக்குள் ஒரு கொக்கி இருந்தது. விளம்பரங்கள் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரவேண்டும். வராமல் நாள் கடந்தால் மென்பொருள் முதலில் நினைவூட்டும், பிறகு தன்னைத்தானே எளிய நிலைக்கு இறக்கிக்கொள்ளும். விளம்பரம் பார்க்காமல் முழு வசதியை அனுபவிப்பவருக்கு நிரலுக்குள் வைத்திருந்த பெயர், ‘பாக்கியைக் கட்டாமல் ஏய்ப்பவர்’ என்ற பொருள் தரும் ஓர் ஆங்கிலச் சொல். பயனர் ஏமாற்றிவிடக் கூடாது என்று இவ்வளவு கவனமாக யோசித்தவர்கள், ஒருநாள் விளம்பரம் அனுப்புகிற தங்கள் பக்கமே நின்றுபோனால் பயனர் கதி என்ன என்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே வைக்கவில்லை. விளம்பரத்தை நம்பி ஓடும் எல்லா மென்பொருளுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் கையில் ஒரு பதிவெண்ணாவது மிஞ்சும். பெரியப்பா பின்னாளில் பணம் கட்டி வாங்கிய பதிவெண் அவருடைய டைரியின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கண்ணால் விலை கொடுத்தவருக்கு ரசீது கிடையாது.

இப்படியொரு விளம்பரப் பேரத்தை முடித்துவைக்க நல்ல வழியும் இருந்தது. அதே 2000இல் ஓபரா உலாவியும் விளம்பரத்தோடு இலவசமாக வந்தது. 2005 செப்டம்பரில் அந்த நிறுவனம் விளம்பரப் பட்டையையே எடுத்துவிட்டு எல்லோருக்கும் முழு மென்பொருளையும் கொடுத்தது.

2006 அக்டோபர் 11 அன்று குவால்காம் தன் முடிவை அறிவித்தது. யுடோராவின் சொந்த நிரலை இனி வளர்ப்பதில்லை. மொசில்லாவின் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு புதிய யுடோரா வரும். விண்டோஸுக்கு 7.1.0.9, மெக்கின்டாஷுக்கு 6.2.4 என்பவை கடைசிப் பதிப்புகளாயின. தண்டர்பேர்டு அடித்தளத்தில் ஒரு யுடோரா 2010இல் வந்தது உண்மை. ஆனால் பெயர் மட்டுமே பழையது. பழையவர்கள் அதை ஏற்கவில்லை, அதுவும் அத்தோடு நின்றது.

மென்பொருள் தானாகத் துருப்பிடிப்பதில்லை. 2006இல் எழுதிய நிரல் இன்றும் எழுத்துக்கு எழுத்து அதே நிரல்தான். அதைச் சுற்றியிருக்கும் உலகம் நகர்ந்துவிடுகிறது. மெக்கின்டாஷ்காரர்களுக்கு இது 2011 ஜூலையில் ஒரே அடியாக விழுந்தது. அவர்களுடைய யுடோரா பவர்பிசி சில்லுக்காக எழுதப்பட்டது. இன்டெல் சில்லுக்கு மாறிய ஆப்பிள், பழைய மென்பொருள்களை ஓட்டுவதற்கென்று ரொசெட்டா என்ற இடைமொழிபெயர்ப்பியைச் சில ஆண்டுகள் வைத்திருந்தது. லயன் என்ற இயங்குதளப் பதிப்பில் அதை எடுத்துவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் யுடோரா திறக்கவே இல்லை.

விண்டோஸில் கதை வேறு. இன்றைய விண்டோஸிலும் யுடோரா 7.1 ஓடுகிறது. சிக்கல் வருவது வாசலைத் தாண்டி சர்வரோடு பேசும்போது. அந்தப் பேச்சை இடையில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். யுடோராவுக்குத் தெரிந்தது 1999இல் வந்த 1.0 பதிப்பு. அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, 1.0, 1.1 இரண்டையுமே கைவிடும்படி இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு 2021 மார்ச்சில் முறையாக அறிவித்தது. அஞ்சல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய கதவை அடைத்தன. பெரியப்பாவுக்கு அன்று காலை நடந்தது இதுதான்.

போதாக்குறைக்குக் கடவுச்சொல்லும் மாறியது. பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டை மட்டும் கொடுத்து உள்ளே நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பரில் நிறுத்தியது. புதிய முறையில் உலாவி திறந்து, அங்கே அனுமதி வாங்கி வரவேண்டும். 2006இன் மென்பொருளுக்கு அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாது.

இந்த இடத்தில்தான் பயனர்களின் கைவேலை தொடங்குகிறது. ஸ்டன்னல் என்றொரு சிறு நிரல் இருக்கிறது. அது நம் கணினிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். யுடோரா தனக்குத் தெரிந்த பழைய மொழியில் ஸ்டன்னலிடம் பேசும். ஸ்டன்னல் அதைப் புதிய பாதுகாப்பு உறையில் போட்டு சர்வருக்கு அனுப்பும். யுடோராவுக்கு உலகம் மாறியதே தெரியாது. கடவுச்சொல் சிக்கலுக்கும் வழி உண்டு: கூகுளில் இத்தகைய மென்பொருளுக்கென்று தனியாக 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். பெரியப்பாவின் கணினியில் நானும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதைச் செய்தோம். மாலை நான்கு மணிக்கு முதல் கடிதம் வந்து விழுந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்த நினைவூட்டல்தான். பெரியம்மாவை அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார்.

அதைவிடப் பெரிய வேலையை ஓர் அருங்காட்சியகம் செய்தது. கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம், குவால்காமோடு ஐந்து ஆண்டுகள் பேசியது. நிரலின் உரிமை, யுடோரா என்ற பெயர், அதன் இணைய முகவரிகள் ஆகிய மூன்றையும் குவால்காம் அருங்காட்சியகத்துக்கே எழுதிக்கொடுத்தது. 2018 மே 22 அன்று மூலநிரல் வெளியானது. விண்டோஸ் பதிப்பில் மட்டும் 8,651 கோப்புகள். யாரும் எடுத்துத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்கிற பிஎஸ்டி உரிமம். பிற நிறுவனங்களிடம் வாங்கிச் சேர்த்த பகுதிகளை மட்டும் உரிமை இல்லாததால் நீக்கவேண்டியிருந்தது. ஆகவே வெளியான நிரல் அப்படியே தொகுத்தால் ஓடாது, ஓட்டைகளை அடைக்கவேண்டும். ஹெர்மிஸ் என்ற பெயரில் சிலர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். பழைய யுடோராவோடு பொருந்தும்படி பாதுகாப்புக் கோப்புகளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 2006இல் தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததைக் குவால்காம் 2018இல் கொடுத்தது. கொடுத்ததற்கு நன்றி சொல்லவேண்டும். எத்தனையோ நிறுவனங்கள் அதையும் செய்வதில்லை. ஆனால் கைவிடும் நாளிலேயே கொடுத்திருந்தால், மெக்கின்டாஷ்காரர்கள் 2011இல் நடுத்தெருவில் நின்றிருக்க வேண்டியதில்லை. நிரலை அறிந்தவர்கள் அதன் அருகிலேயே இருந்த காலத்தில் செய்யவேண்டிய வேலையை, அவர்கள் கலைந்துபோன பிறகு செய்வது எவ்வளவு கடினம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி, தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வலி. யுடோராவுக்கு யூனிகோடு வராது. இன்று நாம் தமிழில் அனுப்பும் எந்தக் கடிதமும் அதில் குப்பைக் குறிகளாகத்தான் தெரியும். யூனிகோடு எழுத்துகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாக மாற்றித்தரும் இணைப்புநிரலை ஆர்வலர்கள் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் வழி பிறந்தது, நமக்கு இல்லை. அப்படியானால் அப்பா 1999இல் எப்படித் தமிழில் எழுதினார்? திஸ்கி குறியேற்றத்தில். 1990களின் இறுதியில் மலேசியா, சிங்கப்பூர், ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கியது அது. எழுத்துருவை நிறுவி, மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தமிழ் தெரியும். யூனிகோடு பரவலாகும் முன்பு அதுதான் நம் ஓலைச்சுவடி.

‘தம்பி’ பெட்டியின் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். யுடோரா தன் கடிதங்களை எம்பிஎக்ஸ் என்ற பின்னொட்டு கொண்ட வெறும் உரைக்கோப்பில் வைக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால், அனுப்பியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று கேள்விக்குறி, ஒரு அட் குறி, மீண்டும் மூன்று கேள்விக்குறி. பக்கத்தில் நாளும் நேரமும். இதுதான் ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைக்கல். இணைப்பாக வந்த படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி சொல்லும். நடுவே அப்பாவின் எழுத்து. தமிழாக அல்ல, முக்கால் என்ற பின்னக்குறி, சென்ட் நாணயக்குறி, மேலே கோடு போட்ட ரோம எழுத்துகள். சிறிது நேரம் பார்த்தால் பிடிபட்டுவிடும். முக்கால் வருமிடமெல்லாம் ‘த’. சென்ட் குறி வருமிடமெல்லாம் இகரத்தின் கொக்கி. மாற்றி நிரலில் போட்டதும் முதல் கடிதத்தின் முதல் வரி எழுந்து நின்றது. ஊரில் மழை பெய்ததாம்.

வெறும் உரையாக இருந்ததால்தான் இது நடந்தது. யுடோராவின் எல்லாக் குறைகளையும் இந்த ஒரு நல்ல முடிவுக்காக மன்னிக்கலாம். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் பழைய குறியேற்றங்களில் தட்டிய நூல்கள் யூனிகோடுக்கு மாற்றப்பட்டு இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. திறந்த வடிவில் இருந்தது பிழைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. இன்க்ரெடிமெயில் என்று ஒரு மென்பொருள். அசையும் படங்களும் வண்ணப் பின்னணிகளுமாக, அதுவும் விளம்பரத்தோடு இலவசமாகத்தான் வந்தது. கடிதங்களைத் தன் சொந்த வடிவில் பூட்டி வைத்தது. வெளியே எடுத்துச்செல்ல முறையான வசதியே இல்லை. 2020இல் அது நிறுத்தப்பட்டது. அதில் தங்கள் பத்து, பதினைந்து ஆண்டுக் கடிதங்களை வைத்திருந்தவர்கள் மாற்றி நிரல்களைக் காசு கொடுத்துத் தேடி வாங்கவேண்டியிருந்தது. தங்கள் கடிதத்தைத் தாங்களே படிப்பதற்காக.

மென்பொருளுக்குச் சாவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எந்த நிறுவனமும் முடிவில்லாமல் பழையதைக் கட்டி மாரடிக்க முடியாது. ஆனால் கடை மூடும்போது செய்துவிட்டுப் போகவேண்டிய சில கடமைகள் உண்டு என்கிறேன். சர்வரைக் கேட்காமலே மென்பொருள் முழு வசதியோடு ஓடும்படி ஒரு கடைசிப் பதிப்பு தரவேண்டும். விளம்பரத்தால் ஓடியதென்றால் இது இன்னும் கட்டாயம். கடிதங்களை எல்லா மென்பொருளும் படிக்கும் வடிவில் வெளியே எடுக்க வழி வேண்டும். தொடர விரும்புகிறவர்களிடம் நிரலை ஒப்படைக்க வேண்டும், பன்னிரண்டு ஆண்டு கழித்து அல்ல.

இலவசமாகப் பயன்படுத்தியவர் உரிமை கேட்கலாமா என்று கேட்பார்கள். இலவசம் என்பதே பொய். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்து 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய டிஜிட்டல் உள்ளடக்கச் சட்டநெறி, பணத்துக்குப் பதிலாகத் தம் தனிப்பட்ட தரவைக் கொடுத்துச் சேவை பெறுபவரையும் நுகர்வோர் என்றே ஏற்கிறது. ஒப்பந்தத்தை நுகர்வோர் முறித்துக்கொண்டால் அவர் உருவாக்கிய உள்ளடக்கத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அதில் உண்டு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தம் மறைவுக்குப் பின் தம் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிற நல்ல பிரிவு இருக்கிறது. ஆனால் தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்து, சட்டமானபோது காணாமல் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளை இணையத்தில் ஓட்டுவது ஆபத்து. யுடோரா, அலங்காரக் கடிதங்களைக் காட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் காட்சிப் பொறியை இரவல் வாங்கும். அந்த வழியாகத் தீங்கு வரலாம். பெரியப்பாவின் கணினியில் அந்த அமைப்பையும், கடிதத்துக்குள் நிரல்களை ஓடவிடும் அமைப்பையும் அணைத்துவைத்தேன். புதிதாக வருவதைத் தண்டர்பேர்டில் பாருங்கள், பழையதைப் படிக்க மட்டும் யுடோராவைத் திறங்கள் என்றும் சொன்னேன். தண்டர்பேர்டையும் ஒருகாலத்தில் மொசில்லா ஒதுக்கிவைத்ததுதான். இன்று பயனர்களின் நன்கொடையில் அது வாழ்கிறது. “பாக்கலாம்” என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, கேட்கப்போவதில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதங்கள் எந்த மென்பொருளில், எந்த நிறுவனத்தின் கிடங்கில் இருந்தாலும், இந்த வாரம் ஒரு பிரதியை வெளியே எடுத்துவிடுங்கள். ஜிமெயிலில் இருந்தால் கூகுள் டேக்அவுட் வழியாக எம்பாக்ஸ் வடிவில் கிடைக்கும். அது யுடோரா பயன்படுத்திய அதே வெறும் உரைக் குடும்பம்தான். வீட்டில் பழைய கணினி பரணில் கிடந்தால் எடைக்குப் போடும் முன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

‘தம்பி’ பெட்டியில் 412 கடிதங்கள் இருந்தன. இப்போது என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.